ஆர்.சி. டிரக் ரேஸுக்கு எந்த பேட்டரி வாங்குவது? ஏரிக்கரையில் ஓயாமல் கேட்கும் கேள்விகள்

கிருஷ்ணகிரி பக்கம் தண்ணீர் வற்றிய ஏரிதான் எங்கள் ஆர்.சி. வண்டிகளுக்கு, அதாவது ரிமோட்டில் ஓட்டும் குட்டி வண்டிகளுக்கு, டிராக். மாசி பிறந்தால் மண் இறுகிவிடும். ஞாயிறு காலை ஆறரைக்கு நாலு செங்கல், ரெண்டு பழைய டயர் வைத்து வளைவு போட்டுவிடுவோம். அங்கே ஓட்டுகிற நேரத்தைவிட பேட்டரியைப் பற்றிப் பேசுகிற நேரம்தான் அதிகம். பர்கூரிலிருந்து வரும் பையன் போன வாரம் கேட்டதையே பாலக்கோட்டிலிருந்து மகனைக் கூட்டிவரும் அப்பா இந்த வாரம் கேட்கிறார். அதனால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன். எங்களில் முக்கால்வாசிப் பேர் ஓட்டுவது நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ஷார்ட் கோர்ஸ் டிரக், மண் பாதையில் ரேஸ் ஓடும் வகை. கணக்குகள் எல்லாம் அதற்குத்தான்.

வண்டியோடவே ஒரு பேட்டரி குடுத்திருக்காங்களே, அது போதாதாண்ணா?

ஓட்டிப் பழகப் போதும். பெட்டியோடு வருவது பெரும்பாலும் ஆறு செல் நிக்கல் பேட்டரி, நாங்கள் 'நிம்' என்போம். செல்லுக்கு 1.2 வோல்ட், ஆறுக்கு 7.2. முரட்டுச் சாமான். கீழே போட்டாலும், வற்ற வற்ற ஓட்டினாலும், மூணு மாசம் பீரோவில் மறந்தாலும் பெரிதாகக் கோபித்துக்கொள்ளாது. பத்து வயதுப் பிள்ளைக்கு முதல் வண்டி என்றால் அதையே வைத்து ஓட்டச் சொல்வேன்.

ரேஸ் என்று வந்தால் அது திணறும். ரிமோட்டின் டிரிகரை அழுத்திய உடனே வோல்ட் தொப்பென்று இறங்கும், இரண்டாவது சுற்றிலிருந்தே வேகம் குறைவது கண்ணுக்குத் தெரியும். லைபோ, அதாவது லித்தியம் பாலிமர், கடைசிவரை ஏறக்குறைய ஒரே சீராக இழுக்கும், எடையும் குறைவு. 3000 எம்.ஏ.எச் (கொள்ளளவு) நிம் 400 கிராமை நெருங்கும், 5000 எம்.ஏ.எச் லைபோ 300 கிராம் பக்கம்தான் வரும். ஆனால் லைபோவுக்கு மாறினால் சார்ஜரும் மாற வேண்டும், பழக்கமும் மாற வேண்டும்.

2எஸ், 3எஸ்னு போட்டிருக்கே, அது என்ன கணக்கு?

உள்ளே எத்தனை செல் என்ற கணக்கு. டார்ச் லைட்டில் கட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போடுகிறோம் அல்லவா, அதேதான். லைபோ செல் ஒன்றுக்கு 3.7 வோல்ட் என்று பேர். எனவே 2எஸ் என்றால் 7.4, 3எஸ் என்றால் 11.1. முழு சார்ஜில் செல்லுக்கு 4.2 வரும். ஸ்டிக்கரில் 7.4 போட்டிருக்கிறது, மீட்டர் 8.4 காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று ஒருவர் கடைக்கே திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அது சரியான அளவுதான்.

கீழ்ப்பக்கக் கணக்கை இன்னும் நன்றாக மனசில் வையுங்கள். செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் உள்ளே கெட ஆரம்பித்துவிடும். 3.5 பக்கம் வரும்போதே வண்டியை நிறுத்திவிடுவது நல்லது.

3எஸ் போட்டா வண்டி பறக்குமாமே, போட்டுரலாமா?

பறக்கும். எதில் போய் விழும் என்பதுதான் கேள்வி. முதலில் இ.எஸ்.சி.யின், அதாவது மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பெட்டியின், மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். 2எஸ் மட்டும் என்று இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. அப்புறம் மோட்டார். பிரஷ் வைத்த சாதாரண 540 மோட்டாருக்கு 3எஸ் கொடுத்தால் பிரஷ் பொரிந்து தேயும். பிரஷ்லெஸ் என்றால் கே.வி. எண்ணை, அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதை, பார்த்து வோல்ட்டால் பெருக்குங்கள். 3300 கே.வி. மோட்டார் 8.4 வோல்ட்டில் நிமிடத்துக்கு 27,720 சுற்று, 12.6 வோல்ட்டில் 41,580. அந்தச் சுற்றுக்கு மோட்டாரும் தாங்க வேண்டும், மோட்டார் முனையில் இருக்கும் பல்சக்கரமான பினியனும் சின்னதாக மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் மூணு நிமிஷத்தில் மோட்டாரைத் தொட முடியாது.

போட்டி விதியும் இருக்கிறது. பத்தில் ஒரு பங்கு வண்டிகளுக்கு உலகப் போட்டிகளிலேயே 2எஸ்தான் வரம்பு. நாங்களும் அதையே வைத்திருக்கிறோம். 3எஸ் வாங்கி வந்தவர்கள் ஓரமாகத் தனியாக ஓட்டிவிட்டு, பக்கத்து மாந்தோப்பு வேலியில் வண்டியைத் தேடுகிறார்கள்.

லைபோ போட்டதுல இருந்து வண்டி விட்டு விட்டுப் போகுது, டூப்ளிகேட் பேட்டரியாண்ணா?

பாதி நேரம் பேட்டரி நல்லதாகத்தான் இருக்கும். வோல்ட் இறங்கியதும் இ.எஸ்.சி. தானே பவரைக் குறைத்து 'போதும், வீட்டுக்குப் போ' என்கிறது. அதற்குக் கட்-ஆஃப் என்று பேர். அதை மதித்து நிறுத்துங்கள். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் வோல்ட் திரும்ப ஏறியதுபோல் தெரியும், இன்னும் ரெண்டு சுற்று போகலாம் என்று ஆசை வரும். போகாதீர்கள். ஆனால் முழு சார்ஜோடு கிளம்பிய முதல் நிமிஷத்திலேயே விட்டு விட்டுப் போனால் பேட்டரி சோர்ந்திருக்கிறது, அல்லது கனெக்டர் சரியாகப் பிடிக்கவில்லை.

உண்மையான ஆபத்து இதற்கு நேர்மாறானது. பல இ.எஸ்.சி.களில் நிக்கல், லைபோ என்று இரண்டு முறை உண்டு. எங்கள் பக்கம் நிறையப் பேர் வைத்திருக்கும் ஹாபிவிங் 1060-இல் அது ஒரு பொடி ஜம்பர், கழற்றி இடம் மாற்றிச் செருகும் மூடி, அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது. நிக்கல் பக்கம் இருந்தால் லைபோவைக் கீழே கீழே உறிஞ்சிவிடும். புது லைபோவைச் செருகுமுன் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

எம்.ஏ.எச் எவ்வளவு வாங்கறது? எட்டாயிரம் கிடைக்குதே, அதுதான நல்லது?

எம்.ஏ.எச் என்பது டேங்க் அளவு. சராசரியாக உங்கள் டிரக் 20 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். 5000 எம்.ஏ.எச் என்றால் 5 ஆம்பியர்-மணி; கணக்குப்படி 15 நிமிடம். அடிவரை வற்றவிடக் கூடாது என்பதால் ஐந்தில் நாலு பங்கு, 12 நிமிடம். நம் ஹீட் ஒன்று, அதாவது ஒரு தடவை விடும் ரேஸ், ஐந்து நிமிடம். மிச்ச ஏழு நிமிடத்தைச் சும்மா சுமந்துகொண்டு ஓடுகிறீர்கள், எட்டாயிரம் வாங்கினால் இன்னும் அதிகமாகச் சுமப்பீர்கள்.

என் கணக்கு இதுதான்: ஒரு எட்டாயிரத்துக்குப் பதில் இரண்டு நாலாயிரம் அல்லது இரண்டு ஐயாயிரம். ஒன்று ஓடும்போது இன்னொன்று ஆறும். அந்த ஆறுதல் இந்த ஊர் வெயிலுக்கு எவ்வளவு முக்கியம் என்று கீழே வெயில் கேள்வியில் சொல்கிறேன்.

100சி பேட்டரி வாங்கினா 50சி-யை விட டபுள் பவரா?

ஸ்டிக்கரில்தான் டபுள். சி என்பது கொள்ளளவைப் போல் எத்தனை மடங்கு கரண்ட் தர முடியும் என்ற எண். 5000 எம்.ஏ.எச், 100சி என்றால் 500 ஆம்பியர். லாரி ஸ்டார்ட் ஆகும்போது செல்ஃப் மோட்டார் இழுப்பது நூற்றுக்கணக்கான ஆம்பியர். அதற்குப் போகும் கேபிளைப் பார்த்திருப்பீர்கள், கட்டைவிரல் தடிமன் இருக்கும். உங்கள் பேட்டரியிலிருந்து வரும் ஒயர் சுண்டுவிரலில் பாதிகூட இல்லை. அதில் 500 ஆம்பியர் நின்று போகாது. சி எண்ணை எப்படி அளக்க வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுகோல் கிடையாது, ஆளாளுக்குப் போட்டுக்கொள்கிறார்கள்.

2எஸ் டிரக் ஒன்று உச்சத்தில் 60, 80 ஆம்பியர் இழுக்கும். உண்மையான 25சி இருந்தாலே 5000 எம்.ஏ.எச் 125 ஆம்பியர் தரும், தாராளம். அதனால் சி எண்ணைக் கடைசியாகப் பாருங்கள். ஒரே அளவு, ஒரே எம்.ஏ.எச் போட்ட இரண்டு பேட்டரியைக் கையில் தூக்கிப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் தூக்கிப் பாருங்கள். சந்தேகப்படும்படி எடை குறைவாக இருப்பதில் சரக்கும் குறைவாகத்தான் இருக்கும்.

ஆர்டர் போட்டு வந்துருச்சு, ஆனா வண்டிக்குள்ள உக்காரலைங்க. சீவி வெக்கலாமா?

பேட்டரியைச் சீவாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். வண்டியில் பேட்டரி உட்காரும் பிளாஸ்டிக் தட்டை வேண்டுமானால் சீவுங்கள். வாங்கும் முன்பே ஸ்கேல் வைத்துத் தட்டின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்துவிட வேண்டும். செங்கல் வடிவ 2எஸ் பேட்டரி பொதுவாக 139 மில்லிமீட்டர் நீளம், 47 அகலம், 25 உயரம். ஒயர் வெளியே வரும் பக்கம் இன்னும் ஒரு விரல் இடம் விடுங்கள்.

டிரக்குக்கு ஹார்ட் கேஸ் வாங்குங்கள். மெல்லிய உறை போட்டது ஆர்.சி. விமானத்துக்குச் சரி. இங்கே கிரானைட் சில்லு தெறிக்கும், வண்டி தலைகீழாக விழும்.

கனெக்டர் வேற வேறயா இருக்கே, கன்வெர்ட்டர் போட்டா போதாதா?

பழகும்வரை போதும். ஆனால் ஒவ்வொரு கன்வெர்ட்டரும் கூடுதலாக ஒரு சூடாகும் இடம். வெள்ளை நிறத் தமியா பிளக் இருந்தால் முதல் வேலையாக மாற்றுங்கள், அது லைபோ கரண்டுக்கு உருகும். எக்ஸ்.டி. 60 எங்கும் கிடைக்கிறது, 2எஸ் டிரக்குக்குப் போதுமானது; பெரிய வண்டிக்கு எக்ஸ்.டி. 90 அல்லது இ.சி. 5. எல்லா பேட்டரியிலும் ஒரே வகை இருக்கட்டும்.

சால்டரிங் செய்யும்போது ஒரு ஒயரை வெட்டி, சால்டர் செய்து, டியூப் மூடிய பிறகுதான் அடுத்த ஒயரை வெட்ட வேண்டும். நான் ஒருமுறை கட்டிங் பிளேயரால் இரண்டையும் சேர்த்து நறுக்கினேன். டப்பென்று ஒரு நீல வெளிச்சம். பிளேயரின் வாயில் எள்ளு அளவு ஒரு பள்ளம் இன்னும் இருக்கிறது.

சார்ஜர் எதுக்கு தனியா அவ்ளோ காசு? சின்ன சார்ஜர் நானூறு ரூபாய்க்கு இருக்கே?

மூணு விளக்கு எரியும் அந்தச் சின்னது வேலை செய்யும், ஆனால் ஒரு ஆம்பியருக்கும் குறைவாகத்தான் ஏற்றும். 5000 எம்.ஏ.எச் நிறைய ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். லைபோவை அதன் கொள்ளளவுக்குச் சமமான ஆம்பியரில் ஏற்றலாம்; 5000 என்றால் 5 ஆம்பியர், சுமார் ஒரு மணி நேரம். 8.4 வோல்ட்டை 5 ஆம்பியரால் பெருக்கினால் 42 வாட். 2எஸ்ஸுக்கு 50 வாட் சார்ஜர் போதும், பின்னால் 3எஸ் வரும் என்றால் 80.

பேலன்ஸ் சார்ஜ், ஸ்டோரேஜ் சார்ஜ் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியிலிருந்து தனியாக வெள்ளையாக வரும் சின்ன பேலன்ஸ் பிளக் எதற்கு என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்த்து ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரத்தான் அது; அதைச் செருகாமல் சார்ஜ் போடாதீர்கள். கையில் ஐயாயிரம் ரூபாய்தான் இருக்கிறது என்றால் பாதியைச் சார்ஜருக்கு ஒதுக்குங்கள். நல்ல சார்ஜர் ஐந்தாறு பேட்டரியைப் பார்த்துவிடும். சார்ஜ் போடும்போது டைல்ஸ் தரை, பக்கத்தில் ஒரு பக்கெட் மணல், முக்கியமாக பக்கத்தில் ஆள்.

ஏரியில கரண்ட் இல்ல. அப்பா லாரி ஓரமா நிக்குது, அதுல இருந்து சார்ஜ் போட்டுக்கலாமா?

நம் ஊருக்கே உரிய கேள்வி. பொறுங்கள். கார், ஆட்டோ 12 வோல்ட். பெரிய லாரி 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடுத்து வைத்திருப்பார்கள். நம் சார்ஜர்கள் பலவற்றின் டி.சி. உள்ளீடு 11 முதல் 18 வோல்ட் வரைதான். 24-ஐக் கொடுத்தால் புகை வரும். சரி, இரண்டில் ஒன்றிலிருந்து மட்டும் எடுக்கிறேன் என்றால், அது மட்டும் இறங்கி லாரி பேட்டரிகள் சமமில்லாமல் போகும். அப்பா திட்டுவார், நியாயமாகத்தான்.

பழைய கார் பேட்டரி ஒன்றைத் தூக்கி வாருங்கள். 2எஸ் 5000 என்பது 37 வாட்-மணி. சார்ஜர் விழுங்குவதையும் சேர்த்தால் 12 வோல்ட்டில் 4 ஆம்பியர்-மணிக்குள் முடியும். ஓரளவு உயிருள்ள கார் பேட்டரி ஒரு காலைக்கு நாலைந்து முறை தாங்கும்.

சித்திரை வெயில்ல ஓட்டினா பேட்டரி வெடிக்குமா?

வெடிப்பது அரிது, சீக்கிரம் சாவது நிச்சயம். லைபோவுக்கு 60 டிகிரி மேல்வரம்பு என்று வையுங்கள். ஓடும்போது ஒரு பேட்டரி 20 டிகிரி சூடேறுகிறது என்போம். ஓசூரில் மார்கழிக் காலை 15 டிகிரியில் கிளம்பினால் 35-இல் வந்து நிற்கும். கிருஷ்ணகிரியில் மே மாத மதியம் 40-இல் கிளம்பினால் நேராக 60. வண்டியும் அதே, பேட்டரியும் அதே. ஊர்தான் வேறு, நேரம்தான் வேறு. இதனால்தான் காலை ஒன்பதரைக்கு மேல் நாங்கள் ஹீட் வைப்பதில்லை. மார்கழி ஓசூரில் வேறு சிக்கல்: குளிர்ந்த லைபோ மந்தமாக இழுக்கும். அங்கே சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள், கிண்டல் செய்யாதீர்கள்.

ஓட்டி முடித்ததும் தொட்டுப் பாருங்கள். கையை வைத்துக்கொண்டே இருக்க முடியவில்லை என்றால் பினியன் பெரிது, அல்லது பேட்டரி வயதாகிவிட்டது. சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள். பைக் டேங்க் மேலும், பூட்டிய காருக்குள்ளும் வைக்காதீர்கள். நாங்கள் பழைய தெர்மோகோல் பெட்டியில், நிழலில் வைக்கிறோம். ஐஸ் போடுவதில்லை, ஈரம் கனெக்டருக்கு ஆகாது.

மழைக்காலத்துல மூணு மாசம் ஓட்ட மாட்டோம். ஃபுல் சார்ஜ் பண்ணி வெச்சுட்டா நல்லதுதானே?

அதுதான் மிக மோசம். ஏரி நிரம்பிய வருஷம் ஒன்றில் 'நாளைக்கு ஓட்டுவோம்' என்று முழுதாக ஏற்றிய இரண்டு பேட்டரியை நானே அலமாரியில் வைத்தேன். நாளை வரவேயில்லை. பொங்கல் சுத்தம் செய்யும்போது எடுத்தால் ஒன்று பூரி மாதிரி உப்பியிருந்தது, ஹார்ட் கேஸே விரிசல் விட்டிருந்தது.

செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும். சார்ஜரில் ஸ்டோரேஜ் என்பதை அழுத்தினால் அதுவே ஏற்றியோ இறக்கியோ அங்கே கொண்டுவந்து நிறுத்தும். ரெண்டு மூணு நாளில் ஓட்டப் போவதில்லை என்றாலே செய்துவிடுங்கள். மாதம் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

உப்பிப் போனதை ஊசியால குத்தி காத்தை எடுத்துட்டா சரியாகிடுமாமே?

யார் சொன்னாலும் கேட்காதீர்கள். குத்தினால் தீப்பிடிக்கும். உப்பியது முடிந்த கதை, ஓட்டவும் கூடாது, சார்ஜும் போடக் கூடாது. வெளியே, மண் தரையில் வைத்து, 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்ப் ஒன்றை மாட்டி, பல்ப் அணைந்து வோல்ட் பூஜ்ஜியத்துக்கு வரும்வரை விடுங்கள். பிறகு கனெக்டரை டேப் சுற்றி மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள். 2022-இல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்ற பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. குப்பை வண்டியில் போட்டு அதற்குள் நசுங்கினால் அங்கே ஒருவர் கைதான் வேகும்.

லேப்டாப் பேட்டரி செல்லு நிறைய கிடக்கு. அதை வெச்சு நாமளே செஞ்சுக்கலாமா?

ரேஸுக்கு வேண்டாம். அந்த 18650 செல்கள் லேப்டாப்புக்காகச் செய்தவை, சில ஆம்பியர்தான் தரும். உங்கள் டிரக் கேட்பது 60. சந்தையில் 9800 எம்.ஏ.எச் என்று அச்சடித்து விற்பதையும் நம்பாதீர்கள். அந்த அளவு செல்லில் நல்லதே 3500 பக்கம்தான் வரும்.

என்கிட்ட அதே 2எஸ் 5000தான் இருக்கு. ஆனா அவன் வண்டி என்னை முந்துதே, எப்படி?

ஓட்டுகிறவர் கை ஒரு காரணம், அதை மெதுவாகச் சொல்லிவிடுகிறேன். பேட்டரிப் பக்கம் என்றால் உள் மின்தடை. நல்ல சார்ஜர்கள் இதை மில்லி ஓம் கணக்கில் காட்டும். மொத்தம் 10 மில்லி ஓம் உள்ள பேட்டரியில் 60 ஆம்பியர் இழுத்தால் 0.6 வோல்ட் உள்ளேயே போகும். 30 ஆகிவிட்ட கிழட்டு பேட்டரியில் 1.8 வோல்ட் போகும். முழு சார்ஜான 8.4-இல் கழித்தால், மேட்டில் ஏறும் அந்த நொடியில் அவருக்கு 7.8, உங்களுக்கு 6.6. அந்தக் காணாமல்போன வோல்ட் முழுவதும் சூடாக மாறுகிறது, வெயில் கேள்வியில் சொன்ன 60 டிகிரிக்கு உங்களைச் சீக்கிரம் கொண்டுபோகிறது.

புதிதாக வாங்கிய அன்றே மின்தடையை அளந்து பேட்டரியின் மேல் டேப் ஒட்டி எழுதிவையுங்கள். அது இரண்டு மடங்கானால் அந்த பேட்டரி பயிற்சிக்கு மட்டும்.

ஹெச்.வி. லைபோன்னு ஒண்ணு வருதே, அதை வாங்கலாமா?

அது செல்லுக்கு 4.35 வோல்ட் வரை ஏறும், ஆரம்பச் சுற்றுகளில் கொஞ்சம் கூடுதல் விறுவிறுப்பு. சார்ஜரில் அதற்கென்று தனி அமைப்பு இருக்க வேண்டும். சாதாரண லைபோவை அந்த அமைப்பில் தெரியாமல் ஏற்றினால் உப்புவதற்கு மூணு மாசம் காத்திருக்க வேண்டாம். பல வகை பேட்டரி கலந்து வைத்திருக்கும் வீட்டில் நான் வேண்டாம் என்பேன். சாதாரண சார்ஜில் 4.2 வரை மட்டும் ஏற்றி ஓட்டினால் பிரச்சினை இல்லை, ஆனால் கூடுதல் காசு எதற்கு?

பெரிய மான்ஸ்டர் டிரக்ல ரெண்டு பேட்டரி போடறாங்க. ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசு போடலாமா?

கூடாது. இரண்டு 2எஸ்ஸைத் தொடுத்து 4எஸ் ஆக்கும்போது இரண்டிலும் ஒரே கரண்ட் ஓடும். பழசு முதலில் வற்றும். இ.எஸ்.சி. மொத்த வோல்ட்டைத்தான் பார்க்கிறது, அதனால் புதியது தாங்கிப் பிடிக்கும்வரை பழசு 3 வோல்ட்டுக்குக் கீழே போவது அதற்குத் தெரியாது. ஒற்றை மாடு இழுக்கும் வண்டி மாதிரி. ஜோடியாக வாங்கி, ஒரே பேனாவால் அ, ஆ என்று எழுதி, ஜோடியாகவே ஓட்டி, ஜோடியாகவே ஓய்வு கொடுங்கள்.

பெங்களூர்ல இருந்து பஸ்ல கொண்டு வரலாமா? ஃபிளைட்ல?

பஸ்ஸில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கொண்டுவருகிறோம், தொண்ணூறு கிலோமீட்டர்தானே. கனெக்டருக்கு மூடி போட்டு, சாவிக்கொத்து இல்லாத பையில், காலடியில் வையுங்கள். விமானத்தில் தனி பேட்டரி கைப்பையில் மட்டும், லக்கேஜில் கூடாது. 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். 2எஸ் 5000 வெறும் 37 தான். ஆன்லைனில் வாங்கினால் பெரும்பாலும் தரைவழியாகத்தான் அனுப்புவார்கள், அதனால் மற்ற சாமானைவிட ரெண்டு மூணு நாள் தாமதம் சகஜம்.

அண்ணா, ஒரே ஒரு ஹீட்டுக்கு உங்க பேட்டரியைத் தரீங்களா?

வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். தருவேன். ஆனால் ஒருமுறை ஊத்தங்கரைத் தம்பி ஒருவருக்குக் கொடுத்தேன். அவர் இ.எஸ்.சி.யில், மேலே சொன்ன அந்த அரிசி மணி ஜம்பர் நிக்கல் பக்கம் இருந்தது. ஹீட் முடிந்தும் ஆசைக்கு இன்னும் பத்து நிமிஷம் சுற்றியிருக்கிறார். திரும்பி வந்தபோது ஒரு செல் 2.1 வோல்ட். அவர் மேல் தப்பில்லை, நான் பார்த்துக் கொடுத்திருக்க வேண்டும்.

அதிலிருந்து வெள்ளை பேலன்ஸ் பிளக்கில் ஒரு வோல்ட் அலாரத்தை மாட்டித்தான் கடன் கொடுக்கிறேன். நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குள் கிடைக்கும் சின்ன சாமான். செல் ஏதாவது ஒன்று 3.5-ஐத் தொட்டால் ஏரிக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவர்வரை கேட்கும்படி கத்தும். போன ஞாயிறு அவரே கரைமேல் நின்று குரல் கொடுத்தார்: "தம்பி, உன் வண்டி கத்துது, நிறுத்து!"